வகுப்புச் சோதனையை அலச ஒரு மென்பொருள்: சுங்கை சிப்புட் மாணவர்கள் நால்வருக்கு

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக இங்கே எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் படிக்கும் நான்கு பேர். கணினிக் கழகத்துக்காக ஒரு மென்பொருள் செய்ய வேண்டும். சோதனை முடிந்ததும் கணித ஆசிரியை விடைத்தாள்களைக் கைப்பேசியில் படம் பிடித்தால் போதும். அதுவே திருத்தி, மதிப்பெண் போட்டு, வகுப்பில் யார் முதல் என்று வரைபடத்தோடு காட்ட வேண்டும். நன்றாக வந்தால் நீங்கள் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் கொடுக்க வேண்டும். "அண்ணா, எந்த நிரல்மொழியில் எழுதுவது, எங்கிருந்து தொடங்குவது?" என்று முடித்திருக்கிறீர்கள்.

நிரல்மொழியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அது சின்ன விஷயம். முதலில் உங்கள் பட்டியலிலிருந்து அந்த 'யார் முதல்' வரைபடத்தை அடித்துவிடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் இதே மாதிரி ஒன்றைச் செய்தவன். ஈப்போவில் மென்பொருள் வேலை. சனிக்கிழமைகளில் ஒரு தோட்ட மண்டபத்தில் நடந்த கூடுதல் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போவேன். அங்கே என்னோடு பாடம் எடுத்த ஓர் ஆசிரியைக்காக மூன்று வாரம் இரவில் உட்கார்ந்து எழுதினேன். சராசரி, அதிக மதிப்பெண், குறைந்த மதிப்பெண், வட்ட வரைபடம், வரிசை எண், எல்லாம் வண்ண வண்ணமாக. டீச்சர் பொறுமையாகப் பார்த்தார். "நல்லாதான் இருக்குப்பா. ஆனா இதெல்லாம் தாள் திருத்தும்போதே எனக்குத் தெரிஞ்சு போச்சே. அடுத்த சனிக்கிழமை எதைத் திரும்பச் சொல்லிக் கொடுக்கணும்னு இது சொல்லுமா?" என்றார். சொல்லாது. அந்த மென்பொருளை அதற்கப்புறம் யாரும் திறக்கவில்லை, நான் உட்பட.

என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்தில் இரண்டு கணக்கு உண்டு. பால் எடை போடும் இடத்தில் இன்றைக்கு எத்தனை கிலோ என்று தெரியும், கிராணி (தோட்டக் கணக்கர்) எழுதிக்கொள்வார். ஆனால் கத்தி ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டிருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் யாராவது நிரைக்குள் நடந்து போய்ப் பட்டையைப் பார்க்க வேண்டும். மதிப்பெண் என்பது எடை. டீச்சர் கேட்டது பட்டையை. இப்போது உங்கள் பக்கமெல்லாம் செம்பனையாகிவிட்டது, இந்த உவமை உங்களுக்கு ஒட்டுமோ என்னவோ. வீட்டில் பாட்டி இருந்தால் கேளுங்கள்.

சரி, வகுப்பில் 'பட்டை' எது? தப்பான விடைதான்.

ஒரு பிள்ளை 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதுகிறது. அதே பிள்ளை 83இலிருந்து 46ஐக் கழித்து 43 என்று எழுதுகிறது. இரண்டும் தப்பு, இரண்டுக்கும் சுழியம். ஆனால் கூர்ந்து பாருங்கள்: அந்தப் பிள்ளை கவனக்குறைவாக எதையும் செய்யவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறது, எது மேலே எது கீழே என்று பார்ப்பதில்லை. தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது. அமெரிக்காவில் ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் 1978இல் இதைத்தான் விரிவாக எழுதினார்கள். பிள்ளைகளின் கழித்தல் பிழைகளில் பலவற்றை இப்படிப்பட்ட 'கோளாறான விதிகளாக'ப் பட்டியலிட முடியும் என்று காட்டினார்கள். 'பக்கி' என்று பெயர் வைத்து ஒரு கணினி விளையாட்டும் செய்தார்கள். கணினி ஒரு மாணவன் போல நடித்துத் தப்புத் தப்பாகக் கழிக்கும். அது எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டும். நிரலில் பிழை இருந்தால் 'பக்' என்கிறோம் இல்லையா, அதே 'பக்'தான் அந்தப் பெயரிலும். நிரல் எழுதுகிற உங்களுக்கு இந்தக் கோணம் சட்டென்று பிடிபடும் என்று நினைக்கிறேன்.

இதை உங்கள் கணித ஆசிரியையின் பல்தேர்வுக் கேள்விக்குக் கொண்டு வருவோம். கேள்வி: −3 − 5 எவ்வளவு? தெரிவுகள் −8, 8, 2, −2. சரியான விடை −8. எட்டு என்று எழுதியவன் 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்று பெருக்கலுக்குச் சொன்னதைக் கூட்டல் கழித்தலிலும் போட்டுவிட்டான். இரண்டு என்றவன் இரண்டாவது மைனஸை மட்டும் பிளஸ் ஆக்கியிருக்கிறான். −2 என்றவன் ஐந்திலிருந்து மூன்றைக் கழித்துவிட்டு முன்னால் ஒரு மைனஸை ஒட்டியிருக்கிறான். 32 பேர் வகுப்பில் 13 பேர் சரி, 14 பேர் எட்டு, 3 பேர் இரண்டு, 2 பேர் −2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இந்தக் கேள்வியில் 41 விழுக்காடு தேர்ச்சி' என்று உங்கள் மென்பொருள் காட்டினால் டீச்சருக்கு ஒரு பயனும் இல்லை. '14 பேர் எட்டு என்றார்கள்' என்று காட்டினால், மறுநாள் வகுப்பில் என்ன பேச வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இதிலிருந்து உங்கள் தரவமைப்புக்கு ஒரு விதி வருகிறது. சரி, தப்பு என்று சேமிக்காதீர்கள். மாணவர் எதைத் தெரிவு செய்தார் என்பதை அப்படியே சேமியுங்கள். சரியா தப்பா என்பதை விடைப்பட்டியலோடு ஒப்பிட்டு ஒவ்வொரு முறையும் மென்பொருளே கணக்கிடட்டும். காலியாக விட்டதைத் தப்போடு கலக்காதீர்கள். அன்று பள்ளிக்கே வராதவரைக் காலியோடு கலக்காதீர்கள். மூன்றும் மூன்று செய்தி. கடைசி ஐந்து கேள்விகளில் மட்டும் நிறையக் காலி இருந்தால் பாடம் புரியவில்லை என்று அர்த்தமில்லை, அநேகமாக நேரம் போதவில்லை என்று அர்த்தம்.

விடைகளை அப்படியே வைத்திருப்பதில் இன்னொரு லாபம், நம் பிள்ளைகளுக்கென்றே உள்ளது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் கணிதத்தைத் தமிழில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் மலாயில் படிக்கிறோம். 'கூட்டுத்தொகை', 'பெருக்குத்தொகை' என்று பழகியவனுக்கு 'ஹாசில் தம்பா', 'ஹாசில் டாராப்' என்று வருகிறது. இரண்டும் 'ஹாசில்' என்று தொடங்குகின்றன. என் சனிக்கிழமை வகுப்பில் முதலாம் படிவப் பிள்ளைகளுக்கு, ஆறுக்கும் நான்குக்கும் 'ஹாசில் டாராப்' என்ன என்று கொடுத்தபோது பத்து என்று எழுதியவர்கள் கொஞ்சநஞ்சம் அல்ல. ஆறு நாலு இருபத்து நாலு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு வாய்ப்பாட்டை மறுபடி ஒப்பிக்க வைப்பது வீண் வேலை. சொல்லைச் சொல்லிக் கொடுத்தால் போதும். மதிப்பெண் பட்டியலில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அதனால் கேள்விகளுக்கு அடையாளம் வைக்கும்போது 'முழு எண்', 'பின்னம்' என்று பாடத் தலைப்பை மட்டும் வைக்காமல், கேள்வியில் வரும் முக்கியமான மலாய்ச் சொல்லுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். 'பேசா' (வித்தியாசம்) என்ற மலாய்ச் சொல் வந்த கேள்விகளிலெல்லாம் ஒரே ஆள் தடுமாறுகிறானா என்று அப்போதுதான் பார்க்க முடியும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. கேள்வியை எடைபோட இரண்டு பழைய அளவைகள் போதும். ஒன்று கடினநிலை: எத்தனை பேர் சரியாகச் செய்தார்கள், மொத்தத்தில் எவ்வளவு பங்கு. மேலே பார்த்த 13/32, அதாவது 0.41. இன்னொன்று பிரித்தறியும் திறன். மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே உள்ள 27 விழுக்காட்டினரையும் கீழே உள்ள 27 விழுக்காட்டினரையும் எடுத்துக்கொண்டு, மேல் குழுவில் சரியாகச் செய்தவர் எண்ணிக்கையிலிருந்து கீழ்க் குழுவின் எண்ணிக்கையைக் கழித்து, ஒரு குழுவின் அளவால் வகுப்பது. ஏன் 27 என்று ஒரு வினோத எண்? ட்ரூமன் கெல்லி என்பவர் 1939இல், இரு முனைகளும் போதுமான அளவுக்கு வேறுபட்டிருக்க வேண்டும், ஆட்களும் போதுமான அளவுக்கு இருக்க வேண்டும் என்ற இரண்டுக்கும் நடுவில் பொருத்தமான இடம் அது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 32 பேர் வகுப்பில் அது ஏறக்குறைய 9 பேர்.

இந்த இரண்டாவது அளவை மைனஸில் வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். மேல் 9 பேரில் 3 பேர் சரி, கீழ் 9 பேரில் 5 பேர் சரி என்றால் −0.22. நன்றாகப் படிக்கிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள், மற்றவர்கள் தாண்டிப் போகிறார்கள். இப்படி வந்தால் மாணவர்களைச் சந்தேகப்படும் முன் விடைப்பட்டியலைப் பாருங்கள். அநேகமாக அதில்தான் தப்பு இருக்கும், அல்லது கேள்வியே இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுக்கும். என் அனுபவத்தில் இந்த மென்பொருளின் முதல் வெற்றி எப்போதும் இதுதான்: டீச்சர் போட்ட விடை தப்பு என்று கண்டுபிடிப்பது. அதைச் சொல்லும் விதம் உங்கள் கையில். நான் முதல் தடவை மண்டபத்தில் பிள்ளைகள் முன்னாலேயே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். உங்கள் மென்பொருள் 'விடை தவறு' என்று சிவப்பில் கத்த வேண்டாம், '7ஆம் கேள்வியின் விடையை ஒருமுறை சரிபார்க்கவும்' என்று சொல்லட்டும். டீச்சர் விடையை மாற்றியதும் எல்லாருடைய மதிப்பெண்ணும் தானாக மாற வேண்டும். மேலே சொன்ன விதிப்படி சேமித்திருந்தால் இது ஒரு நொடி வேலை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒன்பது பேர் குழுவில் ஒரே ஒருவன் விடையை மாற்றினாலும் அந்த எண் 0.11 நகர்ந்துவிடும். இது நிறையப் பேர் எழுதும் தேர்வுகளுக்குப் பொருந்துகிற கணக்கு. ஒரு வகுப்புக்குக் கொண்டு வரும்போது கையைச் சுடும். அதனால் உள்ளே கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள், திரையில் தசமப் புள்ளி வேண்டாம். 'மேல் 9இல் 3, கீழ் 9இல் 5' என்று ஆட்களாகவே காட்டுங்கள். ஆட்கள் என்றால் டீச்சருக்கு முகம் ஞாபகத்துக்கு வரும்.

திரைக்கு எது அழகு என்று கேட்டால், வட்ட வரைபடத்தைவிட ஓர் அட்டவணையைச் சொல்வேன். ஜப்பானில் தகாஹிரோ சாட்டோ 1970களில் உருவாக்கியது, எஸ்-பி (மாணவர்-கேள்வி) அட்டவணை என்பார்கள். மாணவர்கள் வரிசையாகக் கீழே, கேள்விகள் குறுக்கே. சரிக்கு ஒன்று, தப்புக்குச் சுழியம். மாணவர்களை மொத்த மதிப்பெண்படி மேலிருந்து கீழாக அடுக்குங்கள். கேள்விகளைச் சுலபமானதிலிருந்து கடினமானது வரை இடமிருந்து வலமாக அடுக்குங்கள். அவ்வளவுதான் வித்தை, இரண்டு முறை வரிசைப்படுத்தல். இப்போது இடது மேல் மூலை பெரும்பாலும் ஒன்றுகளாகவும் வலது கீழ் மூலை பெரும்பாலும் சுழியங்களாகவும் இருக்கும். ஒன்றுகளின் காட்டுக்குள் தனியாக ஒரு சுழியம் நின்றால் கண்ணில் அடிக்கும்: நன்றாகப் படிக்கிற பெண், எல்லாருக்கும் சுலபமாக இருந்த கேள்வியில் ஏன் விழுந்தாள்? இந்த ஒரு பக்கத்தைச் செய்தாலே கழகத்தில் காட்ட உங்களுக்குப் போதும். சுழியத்துக்குப் பதில் அந்தக் கட்டத்தில் தப்பான விடையின் எழுத்தையே போட்டால் சாட்டோவைவிட ஒரு படி மேலே போய்விடுவீர்கள்.

அடுத்து, கைப்பேசியில் படம் பிடித்துத் திருத்துவது. உங்களுக்கு இதில்தான் ஆசை என்று தெரிகிறது, அதனால் நேராகச் சொல்கிறேன்: முதல் தவணையில் தொடாதீர்கள். செய்ய முடியாத காரியம் இல்லை. தாளின் நான்கு மூலையிலும் கறுப்புச் சதுரம் அச்சடித்து, ஓப்பன்சிவி என்ற, படங்களை அலசும் நிரல்தொகுப்பைக் கொண்டு அவற்றைக் கண்டுபிடித்து, சாய்ந்த படத்தை நிமிர்த்தி, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் எவ்வளவு கறுப்பு என்று எண்ணினால் விடை வந்துவிடும். வீட்டு மேசையில் நன்றாக வேலை செய்யும். வகுப்பில் டீச்சரின் கை நிழல் விழும், தாள் பைக்குள் மடிந்திருக்கும், ஒருவன் பாதி அழித்துவிட்டு இன்னொன்றைக் கறுப்பாக்கியிருப்பான். இந்த விதிவிலக்குகளைத் துரத்துவதிலேயே உங்கள் ஆண்டு போய்விடும், டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் வராது. படம் பிடித்துத் திருத்தும் செயலிகள் ஏற்கெனவே கிடைக்கின்றன. அந்த வேலையை அவை பார்க்கட்டும்.

அப்படியானால் விடைகளை உள்ளே போடுவது எப்படி? 32 பேர், 20 கேள்வி, மொத்தம் 640 விடை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கீழிறங்கு பட்டியலைத் திறந்து சொடுக்கச் சொன்னால் டீச்சர் முதல் நாளே கைவிட்டுவிடுவார். இதற்கு நான் கண்ட வழி, விசைப்பலகையின் வலப்பக்க எண்பலகை. முதல் தெரிவுக்கு 1, அடுத்தடுத்து 2, 3, 4, காலிக்கு 0. வலது கை எண்களைத் தட்டும், இடது கை தாளைப் புரட்டும், கண் தாளை விட்டு நகர வேண்டாம். திரையில் ஐந்து ஐந்தாகப் பிரித்துக் காட்டுங்கள், இருபது வந்ததும் ஒரு சின்ன ஒலி, அடுத்த பெயர். பழகிவிட்டால் ஒரு தாளுக்கு அரை நிமிடம்தான். எல்லாம் முடிந்ததும் மென்பொருள் தற்செயலாக மூன்று பெயரைக் காட்டி, 'இந்த மூன்று தாளையும் மறுபடி தட்டுங்கள்' என்று கேட்கட்டும். இரண்டும் ஒத்துப்போனால் மற்றதையும் ஓரளவு நம்பலாம். சில மடிக்கணினிகளில் எண்பலகை இருக்காது. யூஎஸ்பி எண்பலகை தனியாக விலைக்குக் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை; கழக நிதியில் ஒன்று வாங்கி வையுங்கள்.

அகவயக் கேள்விகளுக்கு, அதாவது படிப்படியாகச் செய்து காட்ட வேண்டிய கணக்குகளுக்கு, கணினியைத் திருத்த விடாதீர்கள். மதிப்பெண்ணோடு சேர்த்து டீச்சர் ஒரே ஓர் எழுத்துக் குறி போடட்டும்: சொல் புரியவில்லை, வழி தப்பு, வழி சரி கணக்கில் சறுக்கல், பாதியில் நின்றது. நான்கு குறி போதும். பத்துக் குறி வைத்தால் எதைப் போடுவது என்று யோசிப்பதிலேயே நேரம் போகும். செயற்கை நுண்ணறிவிடம் தாளைப் படம் பிடித்துக் கொடுத்தால் அதுவே திருத்திவிடுமே என்பீர்கள். சக மாணவர்களின் கையெழுத்தையும் பெயரையும் எங்கோ உள்ள கணினிக்கு அனுப்ப உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்பதுதான் அங்கே எனக்கு முதல் கேள்வி.

அந்தப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் ஒருவன் கணக்கில் எட்டு மதிப்பெண் வாங்கினான் என்றால் அது சாயங்காலத்துக்குள் கடைத்தெரு வரை போய்ச் சேரும். அவன் அம்மா மளிகைக் கடையில் வேறு யார் வாயிலிருந்தோ கேட்பார். நீங்கள் நால்வரும் அதே வகுப்பு அல்லது பக்கத்து வகுப்பு மாணவர்கள். ஆகவே மென்பொருளைச் செய்கிற நீங்கள் பெயரோடு கூடிய உண்மையான விடைகளைப் பார்க்கவே கூடாது. நீங்களே கற்பனையாக 32 பேரை உருவாக்கி அதில் சோதித்துப் பாருங்கள். உண்மையான தரவு டீச்சரின் மடிக்கணினியைத் தாண்டக் கூடாது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது, மத்திய மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. அதனால் உங்கள் கழக வேலை அதில் மாட்டாமலே போகலாம். அது வேறு, நண்பன் முகத்தைப் பார்த்துப் பேசுவது வேறு.

மாணவரை அடையாளம் காட்ட அடையாள அட்டை எண்ணைப் பயன்படுத்தலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். அந்தப் பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (பேராக்கில் பிறந்தவர்களுக்கு 08 வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்), கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். ஒருவரின் பாதிச் சரித்திரமே அதில் இருக்கிறது. வகுப்புப் பதிவேட்டு வரிசை எண் போதும். நிரலை கிட்ஹப்பில் (நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையத்தளம்) வைக்கிறீர்கள் என்றால் தரவுக் கோப்பு அதற்குள் ஒருமுறைகூடப் போகக் கூடாது. பிறகு அழித்தாலும் பழைய பதிப்பில் அது உட்கார்ந்திருக்கும்.

பெயரைப் பற்றி இன்னொன்று, இது நான் பட்ட அடி. நம் ஆட்களின் பெயருக்கு நடுவில் 'அனாக் லெலாக்கி' (மகன்), 'அனாக் பெரெம்புவான்' (மகள்) என்பதன் சுருக்கம் a/l, a/p என்று ஒரு சாய்கோட்டோடு வரும். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அறிக்கை, கோப்புக்கு அவர் பெயரையே வைப்போம் என்று எழுதினேன். சாய்கோட்டைக் கண்டதும் கணினி அதைக் கோப்புறைப் பிரிவு என்று எடுத்துக்கொண்டு முறுக்கிக்கொண்டது. மலாய், சீன மாணவர்களின் அறிக்கைகள் ஒழுங்காக வந்தன, நம் பிள்ளைகளுக்கு மட்டும் வரவில்லை! காரணம் தெரிய ஒரு முழு மாலை ஆயிற்று. கோப்புப் பெயரில் எண்ணை மட்டும் வையுங்கள்.

தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டு போகும்போது தமிழ் எழுத்து உங்களைச் சோதிக்கும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம், ஒற்றைக் குறியாகவோ, எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவோ. கண்ணுக்கு ஒன்றுதான், கணினி ஒப்பிட்டால் வேறு வேறு. சிறுவிடைக் கேள்வியில் சரியாக எழுதிய பிள்ளைக்குத் தப்பு விழுந்துவிடும். ஒப்பிடும் முன் ஜாவாஸ்கிரிப்டின் 'நார்மலைஸ்' வழியாக இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வாருங்கள். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) எக்செலில் இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரியலாம். எழுத்துகள் எந்த முறையில் உள்ளன என்று எக்செலுக்குச் சொல்லும் யூடிஎஃப்-8 அடையாளக்குறியைக் கோப்பின் தலையில் சேர்த்துச் சேமித்தால் சரியாகும். மூத்த ஆசிரியர்களிடம் பழைய கேள்வித்தாள்கள் கிடைக்கும், தங்கச் சுரங்கம். ஆனால் அவற்றில் சில, இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கும். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய முரசு என்ற தமிழ் மென்பொருள் அந்தக் காலத்தில் நம் பள்ளிகளின் தமிழ்த் தட்டச்சுக்குப் பெரிய துணையாக இருந்தது. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு பிறகு சேருங்கள், நேரடியாக ஒட்டினால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாக வரும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் 'இதை வைத்து அடைவுநிலை போட முடியுமா?' என்று கட்டாயம் கேட்பார்கள். ஆறாம் ஆண்டுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இலும் மூன்றாம் படிவத் தேர்வான பிடி3 2022இலும் நிறுத்தப்பட்ட பிறகு பிபிடி என்ற வகுப்பறை மதிப்பீட்டுக்கு எடை கூடிவிட்டது. அதில் ஆறு நிலைகள். மதிப்பெண்ணை ஆறாகப் பிரித்து நிலை போட்டுக் கொடுப்பது உங்களுக்குப் பத்து வரி நிரல், ஆனால் செய்யாதீர்கள். அந்த நிலை, ஆசிரியர் பலமுறை பலவிதமாகப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது. ஒரு சோதனைத் தாளிலிருந்து வருவதில்லை. 'இந்தப் பிள்ளை பின்னத்தில் மூன்று தாளிலும் ஒரே மாதிரித் தப்பு செய்திருக்கிறது' என்று ஆதாரத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

நிரல்மொழி. முதலில் டீச்சரின் மடிக்கணினியிலேயே எக்செல், அதில் எண்ணும் சூத்திரங்கள், அவ்வளவே. டீச்சர் ஒரு சோதனையை அதிலேயே முழுக்கச் செய்து பார்க்கட்டும். அவர் இன்னொரு சோதனைக்கும் அதைப் பயன்படுத்தினால்தான் நிரல் எழுதத் தொடங்க வேண்டும். அப்போது உலாவியில் திறக்கிற ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு, உள்ளே ஜாவாஸ்கிரிப்ட். நிறுவ வேண்டாம், இணையம் வேண்டாம், பென்டிரைவில் கொண்டுபோய்த் திறந்தால் ஓடும். தோட்டப் பக்கம் இணைய லைன் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பைத்தான் நல்ல மொழிதான், ஆனால் டீச்சரின் கணினியில் அதை நிறுவப் போய் அரை நாள் போய்விடும்.

அச்சில் வருவது ஒரே ஓர் ஏ4 தாள், கறுப்பு வெள்ளை. மேலே, மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டிய மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் அதிகம் பேர் எழுதிய தப்பு விடை, எத்தனை பேர். நடுவில் சாட்டோ அட்டவணை, பெயருக்குப் பதில் எண். கீழே டீச்சர் கையால் எழுத நாலு கோடு. மூன்றுக்கு மேல் போகாதீர்கள், ஒரு பாடவேளையில் அதற்கு மேல் முடியாது. அந்தத் தாளை வைத்து டீச்சர் வகுப்பில் செய்ய வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. தப்பு விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, யார் எழுதியது என்று சொல்லாமல், 'எப்படி யோசித்தால் இந்த விடை வரும்?' என்று கேட்பார். எட்டு என்று எழுதிய 14 பேரில் ஒருவன் கட்டாயம் கை தூக்குவான்.

இந்த வாரம் கணினியைத் திறக்க வேண்டாம். டீச்சரிடம் நேரம் கேட்டு, அவர் தாள் திருத்தும்போது பக்கத்தில் சும்மா உட்காருங்கள். பெயர் தெரியாதபடி தாளின் தலைப்பை மடித்து வைக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர் பேனா நிற்கிறது, எங்கே 'அடடா' என்கிறார், ஓரத்தில் எதைக் குறித்துக்கொள்கிறார் என்று மட்டும் எழுதி வாருங்கள். அந்தக் குறிப்பை எனக்கு அனுப்புங்கள். அட்டவணைகளை எப்படி அமைப்பது என்று அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.